பூலாங்காட்டு லைனில் காயாத எண்ணெய்

பூலாங்காட்டு லைனில் எண்ணெய் காயாமல் போன சங்கதியைச் சொன்னால் பக்கத்துத் தெருக்காரர்களே நம்புவதில்லை, அதனால் நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண் தடம், தடத்தின் முனையில் சாக்கடைக்கு மேல் போட்ட ஒரு கல், அந்தக் கல்லைத் தாண்டினால் தார் ரோடு, இவ்வளவுதான் லைன். அங்கே ஆண்களில் பாதிப்பேர் போர்வெல் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போய், வாயில் நுழையாத பெயருள்ள ஊர்களில் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, தலைமுடியெல்லாம் பாறைப்பொடியோடு பண்டிகைக்குப் பண்டிகை வந்து சேருகிறவர்கள். மாசக்கணக்கில் காய்ந்த சப்பாத்தியைத் தின்று நாக்கு செத்துப்போய் வருகிற அவர்களுக்கு வந்து இறங்கியதும் வேண்டியது மொறுமொறுவென்று ஏதாவது ஒன்று. அவர்களுக்காக ஆரம்பித்து, அவர்கள் இல்லாதபோதும் விட முடியாமல், சாயங்காலமானால் எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். ஒரு வீட்டில் வாழைக்காய் பஜ்ஜி, ஒரு வீட்டில் வெண்டைக்காயை நீளநீளமாகக் கீறி அரிசிமாவில் புரட்டிய வறுவல், ஒரு வீட்டில் முருங்கைக்கீரை போட்ட பக்கோடா, காய் எதுவும் இல்லாத வீட்டில் மிச்ச மாவில் கறிவேப்பிலைக் கொத்தையாவது முக்கிப் பொரித்து எடுப்பார்கள்.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சாமி சொன்னதா, எண்ணெய் மிச்சம் பிடிக்க எந்தக் கஞ்சனாவது சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. லைனில் ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டில் மட்டுமில்லாமல் எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். கருமாதி முடிந்த சாயங்காலம் செத்தவரின் பெண்டாட்டி, அவள் இல்லையென்றால் மகளோ மருமகளோ, முதலில் தன் வீட்டுச் சட்டியை நிமிர்த்தி அடுப்பேற்றி, ஏதாவது ஒரு காயை எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். அந்த மணம் தடத்துக்கு வந்த பிறகுதான் மற்ற வீட்டுச் சட்டிகள் நிமிரும். எண்ணெய்ச் சட்டி வைத்தாயிற்றா என்று வெளியூர் உறவுக்காரர்கள் போனில் கேட்டால் துக்கம் முடிந்ததா என்று அர்த்தம். அழுகிற வாய்க்கும் ஒரு நாள் பஜ்ஜி வேண்டியிருக்கும், அதைக் கேட்க வெட்கமாகவும் இருக்கும் என்பது தெரிந்த யாரோதான் இதை ஏற்படுத்தியிருக்க வேண்டும். நல்ல வழக்கம்தான், சாவு சாவாக இருக்கிறவரைக்கும்.

செங்கோட்டுவேல் ரிக்கில் டிரில்லர். வடக்கே ஒரு பெரிய ஆற்றங்கரையில் வண்டி நின்றபோது, குளித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. துண்டு மட்டும் கரையில் கிடந்தது. ரிக் மேனேஜர் அவனுடைய அண்ணன் குழந்தைவேலுக்குப் போன் போட்டு, ஆற்றோடு போயிருப்பான் என்று நினைக்கிறோம் என்று இழுத்து இழுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் சந்தேகம் இருந்தது. குழந்தைவேல் தடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் சந்தேகம் எதுவும் இல்லை. அழுகை கேட்டதும், எதிலும் முந்திக்கொள்கிற நல்லாத்தாள், வீட்டுக்கு வீடு ஓடி எல்லாச் சட்டிகளையும் கவிழ்க்கச் சொல்லிவிட்டாள். செங்கோட்டுவேலின் பெண்டாட்டி கோகிலவாணி, லைனில் எல்லாருக்கும் வாணி, அப்போது தறிக்குப் போயிருந்தாள். அவள் வந்து சாத்தியிருந்த கதவைத் தள்ளியபோது, அவளுடைய சட்டியும் எண்ணெய் வடிக்கப்பட்டுச் சமையல்மேடையின் கீழே கவிழ்ந்து கிடந்தது. புருசன் போய்விட்டான் என்று அவளிடம் முதலில் சொன்னது அந்தச் சட்டிதான்.

உடம்பு கிடைக்கவில்லை. குழந்தைவேல் ரயிலேறிப் போய், பாஷை தெரியாத ஊரில் தம்பியின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றின் இரண்டு கரையிலும் வாரக்கணக்கில் நடந்து, கால் வீங்கி, வெறுங்கையோடு திரும்பி வந்தார். அவர் வந்த சூட்டோடு வேறொரு ரிக்கில் இருந்த லைன் பையன் ஒருவன் போனில் ஒரு செய்தி சொன்னான்: ஏதோ ஒரு ஸ்டேஷனில், ஓடத் தொடங்கிய ரயிலில் இருந்து பார்த்தானாம், மொட்டைத் தலையோடு பிளாட்பாரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம், செங்கோட்டண்ணா என்று இவன் கத்தியதும் அவர் திரும்பிப் பார்த்தாராம், அதற்குள் ரயில் போய்விட்டதாம். கத்தினால் யாரும்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பாதி லைன் சொன்னது. வாணி அந்த ஒரு திரும்பலைப் பிடித்துக்கொண்டாள். கருமாதி செய்யக் கூடாது என்றாள். அவர் வந்து தன் கையால் சட்டியை நிமிர்த்தட்டும், அதுவரை அது கிடக்கிறபடியே கிடக்கட்டும் என்றாள்.

இப்படியாக, செத்தது உறுதியாகும் முன்பே அவசரப்பட்டுச் சட்டியைக் கவிழ்த்துவிட்ட லைன், இப்போது அதை நிமிர்த்த வழி தெரியாமல் மாட்டிக்கொண்டது. சாவு என்றால் வாணி எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டும்; சாவில்லை என்றால் போனவன் வந்து நிற்க வேண்டும்; இரண்டும் இல்லை. ஒரு மாசம் பொறுத்தார்கள், அதற்கு மேலும் கொஞ்சம் பொறுத்தார்கள், பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்துச் சாயங்காலத்தில் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சத்தமில்லாமல் ஒரு வீட்டில் சட்டி நிமிர்ந்தது. அடுத்த வீட்டில் நிமிர்ந்தது. முதலில் நிமிர்த்தியது யார் என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது, நல்லாத்தாள்தான் என்று எனக்குத் தெரியும்.

எண்ணெய் காயவில்லை. அடுப்பை முழுசாகத் திருகிவிட்டு, சட்டியின் அடி சிவக்கிற மட்டும் தீயை வைத்துப் பார்த்தார்கள், எண்ணெய் அசையாமல் கிடந்தது. ஒரு சொட்டு மாவைக் கிள்ளிப் போட்டார்கள், அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மேலே வர மாட்டேன் என்றது. பொறுமை இழந்த ஒருத்தி விரலை விட்டுப் பார்த்தபோது, அது தலைக்குத் தேய்த்துக் குளிக்கிற எண்ணெய் மாதிரி குளுகுளுவென்று இருந்தது. எண்ணெய்க் கடைக்காரனைத் திட்டினார்கள். சிலிண்டரை மாற்றினார்கள். விறகு அடுப்பைக் கூட்டினார்கள். தண்ணீர் கொதித்தது, பால் பொங்கியது, சோறு வெந்தது, எண்ணெய் மட்டும் காயவில்லை. தாளிக்கப் போட்ட கடுகு வெடிக்காமல் அப்படியே முழித்துக்கொண்டு கிடந்தது, கறிவேப்பிலை வாடாமல் மிதந்தது, கடுகு வெடிக்கும் சத்தம் இல்லாத ஒரு தெரு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று லைன் அப்போதுதான் தெரிந்துகொண்டது.

சரி, கடையில் வாங்கித் தின்னலாம் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து பொட்டலம் பொட்டலமாக வடையும் பஜ்ஜியும் வாங்கி வந்தார்கள். சாக்கடைக் கல் வரைக்கும் மொறுமொறுவென்று வந்தவை, கல்லைத் தாண்டிய அடியிலேயே நமத்து, ஊறிய அப்பளம் மாதிரி தொங்கிப்போயின. பாக்கெட் பிரிக்காத சிப்ஸுக்கும் அதே கதிதான். நல்லாத்தாளின் மருமகன், படித்தவன், எவர்சில்வர் டப்பாவில் போட்டு ரப்பர் வளையம் வைத்து மூடி, மேலே துணி சுற்றி எடுத்து வந்து, எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு திறந்தான். உள்ளே இருந்தது மாட்டுக் கழனித்தொட்டியில் போடத்தான் ஆகும் என்று மாமியார்க்காரி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

மனுசர்களுக்கு எதுதான் பழகாது. கொஞ்ச நாள் பயந்தார்கள், கொஞ்ச நாள் கோயிலுக்கு அலைந்தார்கள், அதன் பிறகு லைன் தன் பாட்டுக்கு வேறு மாதிரி வாழக் கற்றுக்கொண்டது. சாயங்காலமானால் ஆண்களும் பெண்களுமாகக் கல்லைத் தாண்டி ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டு, வாங்கி வந்ததை அங்கேயே கடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நாளடைவில் அங்கே ஒரு பெஞ்சு வந்தது, பெஞ்சில் உட்கார ஒரு முறை வந்தது, கல்யாணப் பேச்சும் வாய்க்கால் தகராறும் பெஞ்சுக்கே இடம் மாறிவிட்டன. வீட்டுக்குள் அவித்த காய், சுட்ட காய், மோரில் ஊறிய காய். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டார்கள், சொல்லும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழந்தைகள் எரிகிற அடுப்பின் மேல் இருக்கிற எண்ணெயில் கையை முக்கி விளையாடின. செல்போனில் படம் பிடிக்க வந்தவர்கள் ஒரு கை ஒரு சட்டிக்குள் இருப்பதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள், அதைப் பார்த்தவர்கள் அடுப்பு எரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியூர்ச் சொந்தம் வந்தால் லைன்காரர்கள் கொஞ்சம் பெருமையாகவே எண்ணெய்க்குள் கையை விட்டுக் காட்டினார்கள்.

யாரும் வாணியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். பாவம் அவள் என்ன செய்வாள் என்றுதான் சொன்னார்கள், அவள் காதில் விழுகிற மாதிரி சொன்னார்கள், அவளுக்குப் பருப்பும் தேங்காயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகும்போது சமையல்மேடையின் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். செங்கோட்டுவேலைப் பற்றிய பேச்சில் அவன் மெதுவாகப் பழைய ஆளாகிக்கொண்டிருந்தான்: நல்ல மனுசனா இருந்தான், பாகற்காய் வறுவல் என்றால் உயிரை விடுவான். உயிர் என்ற சொல் வந்ததும் எல்லாரும் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். வாணி தறியில் நின்றால் சத்தத்தில் யார் பேச்சும் கேட்காது என்று இரண்டு ஷிப்ட் பார்க்கத் தொடங்கினாள். வீட்டில் இருக்கும்போது புருசனின் சட்டைகளைத் துவைத்து மடித்தாள், மறுபடி எடுத்துத் துவைத்தாள். அவன் இருக்கிறான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். தெரியாமல் இருப்பது மட்டும்தான் அவளிடம் மிச்சமிருந்தது, அதைக் கொடுத்துவிட அவளுக்கு மனசு வரவில்லை.

இப்படியே இன்னும் எத்தனை காலம் வேண்டுமானாலும் லைன் ஓட்டியிருக்கும், குழந்தைவேலின் மகள் மேகலா பிள்ளை உண்டாகி அம்மா வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால்.

வாணி கல்யாணமாகி லைனுக்கு வந்தபோது மேகலா பள்ளிக்கூடப் பெண். அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பேன் பார்த்தது, வயசுக்கு வந்தபோது பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் சித்தியான வாணிதான், தனக்கென்று ஒரு பிள்ளை தங்காத குறையை அவள் அந்தப் பெண்ணின் ஜடையில்தான் பின்னிக் கழித்தாள். அந்த மேகலா இப்போது எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுத்தாள். சோற்று வாடை ஆகவில்லை, பால் ஆகவில்லை, பழம் தொண்டையிலேயே நின்றது. வாயில் வைத்துக் கடித்தால் நொறுங்குகிற எதுவோ, அதிலும் கசப்பாக, பாகற்காயைப் பொரித்த மாதிரி, அது ஒன்றுதான் உள்ளே போகும் என்று நாக்கு சொன்னது. அவ்வளவுதானே, மரத்தடிக்குக் கூட்டிப் போய்க் கொடுக்கலாமே என்றால், ரத்தப்போக்கு கண்டிருந்ததால் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது, ஒரு அடி தூக்கிச் சுமந்துகூட அசைக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நர்ஸ் வீட்டுக்கு வந்து குளுக்கோஸ் ஏற்றினாள். இப்படிக் குளுக்கோஸிலேயே காலம் தள்ள முடியாது, வாய் வழியாக ஏதாவது போனால்தான் வயிற்றில் இருப்பது நிற்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். மேகலாவின் அம்மா பாவாயி, பொரித்த பாகற்காயைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வாங்கி, முந்தானைக்குள் மறைத்து, வாய்க்குள் வைத்து மூடி, எப்படியெப்படியோ எடுத்து வந்து பார்த்தாள். மகள் அந்த நமத்த துண்டைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லம்மா என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தைவேல் வாணியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. உட்காரச் சொன்னாள், அதற்கும் அசையவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"அம்மிணி, நான் எதும் கேக்கறதுக்கு வல்ல. கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல."

"நீங்க கேக்காட்டியும் எனக்குக் கேக்குதுங் மாமா," என்றாள் வாணி. பிறகு கேட்டாள்: "நீங்க ஆத்தப் பாத்தீங்க. அவரப் பாத்தீங்களா?"

"இல்ல கண்ணு."

"பொறவு எப்பிடிங் மாமா நான் சட்டிய நிமித்துவேன்? நிமித்துனா நானே அவர அனுப்பி வெச்ச மாதிரி ஆயிராதுங்களா?"

தம்பி செத்துவிட்டான் என்று தடத்தில் உட்கார்ந்து அழுத அதே மனுசர்தான், தினமும் கடைசி பஸ் வருகிற நேரத்துக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தவர். அது வாணிக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பிப் போனார். மூத்தவர் தன் வாசற்படியைத் தொட்டதை வாணியால் தாங்க முடியவில்லை.

அவள் அப்போதும் சம்மதிக்கவில்லை. சாயங்காலம் மேகலாவைப் பார்க்கப் போனாள். எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குரல் வெளியே வராமல் சொன்னாள்: "சித்தி, யாரு என்ன சொன்னாலும் நீங்க சட்டிய நிமித்தாதீங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். சித்தப்பா வந்துருவாரு."

அந்தப் பெண் மட்டும், கொஞ்சமாவது எனக்காகச் செய்யுங்கள் சித்தி என்று கேட்டிருந்தால் வாணி மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியும். மாட்டேன் என்று சொல்ல ஓர் ஆள் எதிரே இல்லாமல் போனதும் அவள் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்து தடத்தின் நடுவில் நின்றுகொண்டு, அங்கங்கே வாசலில் நின்றவர்கள் கேட்கும்படி அவள் சொன்னாள்: நாளைக்குச் சாயங்காலம் நான் எண்ணெய்ச் சட்டி வைக்கிறேன். அவர் செத்தார் என்று வைக்கவில்லை, பார்ப்பதற்காக வைக்கிறேன். எண்ணெய் காயவில்லை என்றால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம், அப்புறம் ஒருத்தரும் என் வீட்டுச் சட்டியைப் பார்க்கிற பார்வையைப் பார்க்கக் கூடாது. காய்ந்தால் என்று நல்லாத்தாள் ஆரம்பித்தாள். காயாது என்றாள் வாணி.

மறுநாள் அவள் தறிக்குப் போகவில்லை. பாகற்காய்களை வாங்கி வந்து கழுவித் துடைத்து, கத்தி நுனியால் விதைகளைக் குடைந்தெடுத்து, ஒன்று தடித்து ஒன்று மெலியாமல் வட்டம் வட்டமாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி வைத்து, தண்ணீர் விட்டதும் இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்தாள். மிளகாய்ப்பொடி, மஞ்சள், பெருங்காயம், பிடி பிடியாக அரிசிமாவும் கொஞ்சம் கடலைமாவும் தூவி, தண்ணீர் தெளிக்காமல், காயில் இருக்கிற ஈரத்திலேயே மாவு ஒட்டும்படி குலுக்கி வைத்தாள். எண்ணெய் காயாது என்று நம்புகிறவள் எதற்கு இத்தனை பதமாகப் பிசற வேண்டும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கைக்கு அவ்வளவுதான் தெரியும்.

லைன் முழுக்க அவள் வாசலில் வந்து கூடியது. வழக்கப்படி ஆளுக்கொரு காய் கொண்டுவந்திருந்தார்கள், வாழைக்காய், கத்திரிக்காய், சேனைக்கிழங்கு, ஒருத்தி ஒரு பூசணிக்கீற்று. குழந்தைவேல் கூட்டத்தில் சேராமல் எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். வாணி குனிந்து சட்டியை எடுத்தாள், நிமிர்த்தினாள், கழுவினாள், அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தாள். இதற்கிடையில் தங்கள் வீட்டிலும் அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயை ஏற்றிவிட்டு வந்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அவர்கள் யாரும் வெளியே சொல்லவில்லை.

காத்திருந்தார்கள். தீ நீலமாக எரிந்தது. வாணி ஆள்காட்டி விரலை எண்ணெயில் விட்டாள், விட்டபடியே வைத்திருந்தாள், பிறகு எல்லாரும் பார்க்கும்படி அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அத்தனை மாசத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை, சிரித்தால் அவள் எவ்வளவு சின்னப் பெண் என்பதையே லைன் மறந்துபோயிருந்தது. பெண்கள் மூச்சு விட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுவரோரம் நின்ற குழந்தைவேலின் முகம் மலர்ந்தது, உள்ளே கட்டிலில் கிடக்கிற தன் மகளை அந்த ஒரு நிமிசம் அவர் மறந்தேபோனார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நல்லாத்தாள் முணுமுணுத்தாள். பாருங்க, நல்லாப் பாருங்க என்று வாணி மறுபடி விரலை விட்டாள். குளுமைதான். ஊரே பார்க்கட்டும் என்று ஒரு பாகற்காய் வட்டத்தை எடுத்து எண்ணெயில் போட்டாள். அது போய் அடியில் உட்கார்ந்தது.

அடியில் உட்கார்ந்த வட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்தது. காற்றாக இருக்கும் என்று வாணி நினைத்தாள். அடுத்து ஒன்று வந்தது, அடுத்தடுத்து வந்தன, வட்டம் ஒரு பக்கமாகத் தூக்கி, ஆடி, விருட்டென்று மேலே வந்து சுற்றத் தொடங்கியது, சலசலவென்று சத்தம் கிளம்பியது. அதே நேரம் நாலாவது வீட்டிலோ ஐந்தாவது வீட்டிலோ தாளிக்கப் போட்டு மறந்துபோன கடுகு வெடித்தது, அதற்கு எதிர்வீட்டில் வெடித்தது, தடத்தின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கடுகு வெடித்துக்கொண்டே போனது. கூட்டத்தில் ஒரு சந்தோசக் கூச்சல் எழுந்தது. எழுந்த உடனே தாங்கள் எதற்காகச் சந்தோசப்படுகிறோம் என்று எல்லாருக்கும் நினைவு வந்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள், பிறகு அந்தக் கையை எடுக்காமலே அழத் தொடங்கினார்கள். பொய்யழுகை இல்லை. நாக்கில் எச்சில் ஊறிக்கொண்டிருக்கும்போதே வந்த நிஜ அழுகை.

வாணி அழவில்லை. மாவு பூசிய வட்டங்கள் தட்டில் இருந்தன, எண்ணெய் காய்ந்துகொண்டே இருந்தது, இதற்கு மேல் காய்ந்தால் கருகும் என்பது அவள் கைக்குத் தெரிந்தது. பிடி பிடியாக எடுத்துத் தூவினாள். கருகட்டும், எல்லாம் கரியாகிப் போகட்டும், ஒருத்தருக்கும் ஒரு துண்டும் கிடைக்காமல் போகட்டும் என்று நெஞ்சார நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஜல்லிக்கரண்டி அவற்றைப் பிரித்துவிட்டது, திருப்பிவிட்டது, சத்தம் அடங்கி ஓரம் சிவக்கிற அந்தச் சரியான நேரத்தில் அள்ளி, எண்ணெயை வடித்து, தட்டில் கொட்டியது. அவள் பொரித்ததிலேயே இவ்வளவு பதமாக எதுவும் வந்ததில்லை என்று அப்புறம் லைனில் பேசிக்கொண்டார்கள்.

தட்டை அவளே மேகலாவின் கட்டிலுக்கு எடுத்துப் போனாள். கூட்டம் வழிவிட்டது. மேகலாவுக்குச் சத்தம் எல்லாம் கேட்டிருந்தது, எதற்கான சத்தம் என்பதும் தெரிந்திருந்தது, வேண்டாம் சித்தி என்று தலையை ஆட்டினாள், ஆட்டும்போதே அவள் மூக்கு மணத்தின் பக்கம் திரும்பியது. வாணி ஒரு வட்டத்தை எடுத்து அவள் வாயில் வைத்தாள். மொறுக்கென்று கடிபட்டது. அந்தப் பெண் கண்ணில் தண்ணீர் வழிய வழிய மென்றாள், விழுங்கினாள், வாந்தி வரவில்லை. பாவாயி மகளின் காலைக் கட்டிக்கொண்டு விம்மினாள். வழக்கப்படி செத்தவரின் கூடப்பிறந்தவர் அடுத்த துண்டைத் தின்ன வேண்டும், பின்னாலேயே வந்து நின்ற குழந்தைவேலின் கையில் யாரோ ஒன்றைத் திணித்தார்கள், அவர் செய்வதறியாமல் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

அப்போது வாணி அவர் பக்கம் திரும்பி, சண்டையும் இல்லாமல் அழுகையும் இல்லாமல், பஸ் எப்போது போனது என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஏனுங் மாமா, அவரு அன்னிக்கே போயிட்டாருங்களா? இல்ல, நான் எண்ணெயில காயப் போட்டப்பறம்தான் போனாருங்களா?"

குழந்தைவேல் அந்தத் துண்டை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றார். வாசலில் நின்றவர்கள் கையில் வைத்திருந்த காய்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

தட்டில் இருந்ததை மேகலா தின்று முடித்துவிட்டாள். இன்னும் பசித்தது அவளுக்கு, எத்தனையோ வாரத்துப் பசி. கேட்கக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டு, வெறும் தட்டில் கிடந்த மாவுத் தூளை விரலால் ஒற்றி ஒற்றி நக்கினாள். வாணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு, அடுத்த ஈடு போடத் தன் வீட்டுக்குப் போனாள்.